ஒரே கட்டுக் கம்பி

மருத்துவமனையிலிருந்து கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டபோது நான் அலுவலகத்தில் இருந்தேன்.

"சார், உங்க மனைவியோட பேட்ஜ் லேபுக்குப் போய் வந்திருக்கு. பதினொண்ணு காட்டுது."

என் மனைவி அங்கே எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தாள். அந்த அறையில் இருப்பவர்கள் நெஞ்சில் ஒரு சின்ன பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும். மேலே விழும் கதிரை அது கணக்கு வைத்துக்கொள்ளும். அவளுக்கு ஐந்து வருடமும் பூஜ்யம்தான்.

"பதினொண்ணுன்னா?"

"சாதாரண ஆளுக்கு வருஷம் முழுக்க ஒண்ணுதான் வரம்பு."

அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இதனால்தானா என்று கேட்க வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"இல்ல சார். மெஷினைப் பார்த்துட்டோம், கோளாறு இல்ல. கூட வேலை பார்த்தவங்க எல்லாருக்கும் பூஜ்யம். பேட்ஜ் இத்தனை நாளா எங்க இருந்துச்சு?"

அவளுடைய வெள்ளைக் கோட்டோடு அது வீட்டுக்கு வந்திருந்தது. திருப்பிக் கேட்டு இரண்டு கடிதம் வந்தது. நான் பிரிக்கவில்லை. அந்த மாதங்களில் நான் எதையும் பிரிக்கவில்லை. பேட்ஜில் அம்மா படம் இருக்கிறதென்று மகள் கேட்டாள், கொடுத்தேன். போன மாதம் மருத்துவமனை ஆளே வந்து வாங்கிப்போனார்.

"மகளோட கட்டில்ல தொங்குச்சு மேடம். தலைமாட்டுக் கம்பியில. மூணு மாசம்."

"குழந்தை இப்ப எங்க?"

"ஸ்கூல்ல."

"நான் வர்றேன். அந்த ரூமுக்குள்ள யாரும் போக வேண்டாம்."

வீட்டுக்கு அவர் கொண்டுவந்த கதிர் அளக்கும் மீட்டர் டிபன் பாக்ஸ் அளவு இருந்தது. கூடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் சத்தம் சொட்டியது. "புள்ளி ஒண்ணு. மணிக்கு இவ்வளவு, பேட்ஜ் கணக்கைவிட ஆயிரம் மடங்கு சின்ன அலகு. இது எல்லா வீட்லயும் இருக்கும்" என்றார். சமையலறையிலும் அதே. மனைவியின் அலமாரியைத் திறக்கச் சொன்னார். ஏழு மாதத்தில் முதல் முறையாகத் திறந்தேன். அங்கேயும் அதே.

மகளின் அறை வாசலில் சத்தம் மாறியது. சொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மெத்தையைக் கூடத்துக்கு இழுத்துப்போட்டுப் பார்த்தார். புள்ளி ஒன்று. கட்டில் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஐந்து.

"எங்க வாங்கினது?"

"மைத்துனன் செஞ்சு கொடுத்தான்."

மனைவியின் தம்பி அவன், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். அம்மா இல்லாத பெரிய கட்டிலில் படுக்க மாட்டேன் என்று மகள் அடம்பிடித்தபோது, ஒரே வாரத்தில் செய்து, நீல பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து போட்டான். நான்கு மாதம் இருக்கும்.

கூப்பிட்டதும் வந்துவிட்டான்.

"என்ன அத்தான், கட்டிலுக்குக் காய்ச்சலா? டாக்டரம்மா வந்து நாடி பார்க்கறாங்க. மூட்டைப்பூச்சின்னா சொல்லுங்க, ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் போதும்."

அதிகாரி சிரிக்கவில்லை. "எங்கயோ ஒரு பழைய மெஷின்ல இருந்த கதிர் உலோகம், பழைய இரும்போட சேர்ந்து உலைக்குப் போயிருக்கும். உருகி எல்லாத்துலயும் கலந்துடும்."

"பெயிண்டைச் சுரண்டிட்டு நல்லாக் கழுவினா?"

"உப்பு கரைஞ்ச தண்ணியைக் கழுவ முடியுமா?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். மகள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குவாள் என்று என்னிடம் கேட்டார். பத்து என்றேன். துண்டுத்தாளில் எழுதிப் பெருக்கினார்.

"உடம்பு கம்பியை ஒட்டி இருக்காது, அதனால பேட்ஜ் கணக்குல மூணு வரும். ஸ்கூல் விட்டதும் கூட்டிட்டு வாங்க, ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம். பயப்படற அளவு இல்ல சார்."

"பயப்படற அளவுன்னா எவ்வளவு மேடம்?"

அவர் பேனாவை மூடினார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "கம்பி எல்லாம் ஒரே கட்டா?"

"ஆமா. உருக்காலையில மலிவாப் போட்டாங்க. ஒரு கட்டு எடுத்தேன்."

"முழுக் கட்டும் இந்தக் கட்டிலுக்கே ஆயிடுச்சா?"

அவன் என்னைப் பார்த்தான். அக்கா உடலைக் கொண்டுவந்த அன்றும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன் அவன்.

"பாதிதான் ஆச்சு."

"மீதி?"

"தொட்டில் செஞ்சேன்" என்றான்.

அவனுக்குப் பிள்ளை பிறந்து பதினெட்டு நாள்.

வழி தெரிந்ததால் அதிகாரியின் காரை நான் ஓட்டினேன். அவன் பின்சீட்டில் ஏறினான். மனைவிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டான். "எடுக்க மாட்டா. புள்ள தூங்கினா சைலண்ட்ல போட்டுடுவா." சிக்னலில் நின்றபோது யாரும் கேட்காமலே சொன்னான்: "கையில வச்சிருந்தா அழுவான் அத்தான். தொட்டில்ல போட்டதும் தூங்கிடுவான். அப்பன் செஞ்ச தொட்டில்னு அவனுக்குத் தெரியுதுடின்னு அவகிட்ட பீத்திக்கிட்டேன்."

அவன் மனைவி உதட்டில் விரலை வைத்தபடி கதவைத் திறந்தாள். "மெதுவா வாங்கண்ணா. இப்பதான் கண்ணசந்தான். யாராவது எழுப்பினீங்க, நீங்களே தூங்க வச்சுட்டுத்தான் போகணும்."

தொட்டிலும் அதே நீலம். அதிகாரி மீட்டரை எடுத்தார். அது ஓடத் தொடங்க ஒரு நிமிடம் ஆகும். நான் காத்திருக்கவில்லை. துணியோடு பிள்ளையை வாரி எடுத்தேன். வீறிட்டான். அவள் "அண்ணா!" என்று கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. படி இறங்கி, வாசலைத் தாண்டி, தெருவுக்கு வந்த பிறகுதான் பிள்ளையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. பிடியைத் தளர்த்தினேன்.

அதிகாரி இறங்கி வந்து, தொட்டிலிலும் அதேதான் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார். பின்னால் மைத்துனன் வந்தான்.

"ஆலையில இது மாதிரி எத்தனை கட்டு இருந்துச்சு?"

"எண்ணலை மேடம். கூரை வரைக்கும் அடுக்கியிருந்தாங்க. நான் வாங்கினப்பவே ரெண்டு லாரி ஏத்திக்கிட்டு நின்னுச்சு."

அவர் போனை எடுத்துத் தன் மேலிடத்துக்குப் பேசத் தொடங்கினார். வெயில் ஏறியிருந்தது. பிள்ளைக்கு நிழல் வேண்டும். தெருவைப் பார்த்தேன். வாசல் கதவு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி, எல்லா வீட்டிலும் கம்பி. பாதிக்கு மேல் புதிது. எந்த வீட்டு ஓரமாக ஒதுங்குவதென்று தெரியாமல், அழும் பிள்ளையோடு நடுத்தெருவிலேயே நின்றேன்.