வாசலில் சொல்லி அனுப்பியது

மகள் பாலர் பள்ளியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வாய் திறக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வேறு இடம் கிடையாது. பகலில் அவளை விட்டுவைக்க ஓர் இடமில்லையென்றால் அம்மாவுக்குச் சலவைக்கூடத்து வேலையும் கிடையாது.

"வீட்டுல இவ வாய் ஓயாது டீச்சர். பல்லிகூடப் பயந்து ஓடுது," என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

"இங்க ஒண்ணுக்கு வந்தாக்கூடச் சொல்ல மாட்டேங்குறாம்மா. நனைச்சுக்கிட்டு நிக்கிறா. காலையில வாசல்ல என்ன சொல்லி விடுறீங்க?"

"எல்லாரும் சொல்றதுதான். டீச்சரைத் தொந்தரவு பண்ணாத, வாயத் தொறந்தா வெளிய அனுப்பிடுவாங்க, அம்மாவுக்கு வேலை போயிடும்னு..."

சொல்லும்போதே அம்மாவுக்கு உறைத்தது. நாலு வயதுப் பிள்ளை அந்தச் சொல்லைத் தினமும் காப்பாற்றியிருக்கிறது.

அம்மா மகள் முன் மண்டியிட்டாள். "பேசுடி தங்கம். அம்மா தெரியாம சொல்லிட்டேன்."

மகள் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"சொன்னா நம்ப மாட்டா," என்றார் டீச்சர். "உள்ள வந்து உக்காருங்க. நாம ரெண்டு பேரும் பேசுறதக் கண்ணால பாக்கட்டும்."

சலவைக்கூடத்தில் வேலை தொடங்கிப் பத்து நிமிடமாகியிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் நெஞ்சில் இடிக்க, அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவளுக்கு இடின்னா பயம் டீச்சர்," என்று தொடங்கினாள்.

மகள் ஓடிவந்து இரண்டு கையாலும் அம்மாவின் வாயைப் பொத்தினாள். அந்த விரல்களின் இடுக்கில் அம்மா பேசிக்கொண்டே இருந்தாள்.