கருப்புக் காந்தம்

மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கு மோட்டார் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைப் 'பசை' என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரில் காந்தத் துண்டுகளைப் பசை தடவி ஒட்டுவது பதினோரு வருடமாக அவள் வேலை. பொல்லாத காந்தங்கள் அவை. கொஞ்சம் அசந்தால் துள்ளி வந்து விரலைக் கடிக்கும். அரிய வகைக் கனிமங்களால் ஆனவை என்பதால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். இந்த வருடம் வரத்து அடியோடு நின்றுபோனது.

அங்கேயே வடிவமைப்புப் பிரிவில் இருந்தவள் அவளுடைய அண்ணி. ஒரே வீடு, ஒரே பேருந்து. அண்ணி காந்தமே இல்லாத ஒரு ரோட்டரை வரைந்தாள். வெறும் இரும்புத் தகடுகள், அவற்றில் வில்லாக வளைந்த இடைவெளிகள், அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் பசை மடித்துக்கொண்டிருந்த துணியைக் கட்டிலில் வீசினாள்.

"காந்தமே வேண்டாம்னா நான் எதுக்கு அண்ணி? வயித்துல அடிக்க உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"காந்தம் வரலைன்னா தொழிற்சாலையே மூடிடும். அப்போ நீயும் இல்ல, நானும் இல்ல."

அதன் பிறகு பேருந்தில்கூட ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால்.

புது ரோட்டர் ஓடத்தான் செய்தது. ஆனால் சரக்கு ஏற்றிய மூன்று சக்கர வண்டி மேட்டில் பாதி ஏறியதும் திணறி நின்றது. அண்ணி அசரவில்லை. ஸ்பீக்கரில் இருக்குமே, அந்தக் கருப்பு ஃபெரைட் காந்தம், அதை இடைவெளிகளில் செருகினால் குறைகிற வலு வந்துவிடும் என்றது அவள் கணக்கு. விலை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் பீங்கான் மாதிரி உடையும். இயந்திரம் அழுத்திச் செருகியதில் பத்துக்கு ஏழு விளிம்பு நொறுங்கியது. மேலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

அண்ணி ரோட்டரையும் ஒரு பெட்டி கருப்புத் துண்டுகளையும் தூக்கிக்கொண்டு நேராகப் பசையின் மேசைக்கு வந்தாள்.

"கோபத்தை ஒரு மணி நேரம் தள்ளி வை. இதைப் பாரு."

பசை ஒரு துண்டைச் செருகினாள். உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. மூன்றாவதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"காஞ்ச துண்டைத் திணிச்சுட்டு அப்புறம் பசை ஊத்துறீங்க. முதல்ல பசையை ஊத்துங்க, துண்டு அதுல வழுக்கிட்டே இறங்கட்டும். அப்புறம், இடைவெளி ரொம்ப இறுக்கம். ஒரு காகித கனம் விட்டுக் கொடுங்க."

"விட்டா வலு குறையுமே."

"அது உங்க பாடு. வேற எங்கேயாவது பிடிங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே ரோட்டரை ஒரு விரல் நீளம் கூட்டி வரைந்தாள். விட்ட வலு அதில் திரும்பக் கிடைத்தது. எடை மூன்று கிலோ கூடியது. சரக்கு வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்த வாரம் வந்த ரோட்டரில் நாற்பத்தெட்டுத் துண்டுகளையும் பசையே செருகினாள். ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை. வளாகத்து மேட்டில், மணல் மூட்டைகளோடு, வண்டி ஒரே மூச்சில் ஏறியது. மேலாளர் கைதட்ட ஆரம்பித்தார். பசை கையை உயர்த்தினாள்.

"இருங்க சார். வண்டிய கீழ கொண்டு வந்து, மறுபடி ஏறும்போது பாதியில நிறுத்தச் சொல்லுங்க. நின்ன இடத்துலேர்ந்து கிளம்பணும்."

ஓட்டுநர் அண்ணியைப் பார்த்தார். "அவ சொல்ற மாதிரியே செய்யுங்க," என்றாள் அண்ணி.

நடுமேட்டில் நின்ற வண்டி, பிரேக்கை விட்டதும் ஒரு சாண்கூடப் பின்வாங்கவில்லை. மெல்ல முனகியது, பிறகு மேலே போய்விட்டது.

"மாசம் நூறு செய்ய முடியுமாம்மா?" என்று மேலாளர் கேட்டார், அண்ணியிடம் அல்ல, பசையிடம்.

"ஆறு பேர் கொடுங்க சார். நகம் வளர்க்கிறவங்க மட்டும் வேண்டாம்."