நூற்றிருபத்தைந்து என்று ஒட்டியிருந்தது

வண்டி விற்கிற பொன்ஸின் கொட்டகையில் இரண்டு ட்ரையல் பைக்குகள் அருகருகே நின்றன. ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு, ஒரே சட்டகம். இரண்டிலும் சீட் கிடையாது. பாறைமேல் ஏற்றுகிற வண்டியில் யாரும் உட்காருவதில்லை. ஒன்று 125 சி.சி., மற்றது 280. ஃபெர்மீ தன் பதினாலு வயது மகள் ப்ரூனாவுக்கு முதல் வண்டி வாங்க வந்திருந்தான். துணைக்கு நான்.

பெர்கா வட்டாரக் கிளப் போட்டிகளில் நான் நடுவர். பாறையோரம் நின்று, ஓட்டுபவர் எத்தனை தடவை தரையில் கால் ஊன்றுகிறார் என்று எண்ணி, அவருடைய அட்டையில் ஓட்டை போடுவேன். ஒரு காலுக்கு ஒரு புள்ளி, விழுந்தால் ஐந்து. குறைந்த புள்ளிக்காரர் ஜெயிப்பார். இருபது வருஷத்தில் ஒரு காலையும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

"125தான் வாங்கணும்னு ரெமெய் கண்டிஷனே போட்டுட்டா," என்றான் ஃபெர்மீ. ரெமெய் அவன் மனைவி.

"அப்ப அதை எடு. பேச்சு முடிஞ்சுது," என்றான் பொன்ஸ்.

"அதை அலற விட்டாத்தான் ஏறும். 280ன்னா சத்தமில்லாம அடியிலருந்தே இழுக்கும். ப்ரூனா என் தோள் உசரம் வந்துட்டா. அடுத்த வருஷமே மாத்தணும்."

பொன்ஸ் இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்டிக்கர் தாளை எடுத்தான். 125 என்று வெள்ளையில் அச்சிட்டிருந்தது. "உம் பொண்டாட்டி எஞ்சினைப் பிரிச்சா பாக்கப்போறா? நம்பரைத்தான பாப்பா."

ஃபெர்மீ என்னைப் பார்த்தான்.

"கல்யாணமான ஆளுக்கு இந்தத் தொழிலும் தெரிஞ்சிருக்கணும்டா," என்றேன். மூவரும் சிரித்தோம். பெரிய வண்டியின் எண் மேல் ஸ்டிக்கர் ஏறியது. ஓரத்தில் வந்த காற்றுக் குமிழியை நானே கட்டைவிரலால் நீவிவிட்டேன்.

ரெமெய் கண்டிஷன் போட்டதற்குக் காரணம் இருந்தது. ஃபெர்மீ போட்டிகளில் ஓட்டிய காலத்தில் அவள்தான் அவனுடைய பைக்காரி. முதுகில் பையோடு பாறைக்குக் கீழே நின்று, வண்டி சரிந்தால் தாங்கிப் பிடிக்கிற ஆளை அப்படித்தான் சொல்வோம். நாலு வருஷம் நின்றாள். ஒருநாள் வண்டி அவள் வலது தோளில் விழுந்தது. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம், நாங்கள் பழகுகிற ஆற்றுப்படுகைப் பக்கமே அவள் வரவில்லை. ஃபெர்மீ புது வண்டியைத் தன் மரஅறுவை ஆலையிலேயே நிறுத்தியதால் அது ஓடும் சத்தத்தை அவள் கேட்கவும் இல்லை.

ப்ரூனா மூன்று வாரம் பழகினாள். கை கொஞ்சம் திரும்பினாலே முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. "மெதுவா, மெதுவா!" என்று ஃபெர்மீ கத்திக்கொண்டே இருந்தான். மூன்றாவது சனிக்கிழமை காலை தக்காளி தேய்த்த ரொட்டியும் சாசேஜும் தின்றுகொண்டிருக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நர்சீஸ் மாமா, நான் இதுக்கு லாயக்கில்ல. பேக்கரிக்காரர் பையனுக்குப் பத்து வயசு, அவன் ஏறிடுறான். என்னைப் பாத்து 'ராக்கெட்டு'ன்னு கத்துறான். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை போட்டியிலயும் சொதப்புனா விட்டுடுவேன்."

உண்மையைச் சொல்வதற்கு அதுதான் நேரம். "பழகப் பழக வந்துடும்மா," என்றேன்.

அரைமணி நேரம் கழித்து அவள் மார்பளவுப் பாறையை நோக்கி வந்தாள். ஃபெர்மீ கீழே கைகளை விரித்தபடி நின்றான். வண்டி ஏறவில்லை, நிமிர்ந்து எகிறியது. அவள் கை பிடியை விட்டதும், மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு காந்தத் துண்டைப் பிடுங்க, எஞ்சின் அந்தரத்திலேயே செத்தது. அந்த நிசப்தத்தில்தான் அவள் மணலில் சரிய, வண்டி ஃபெர்மீ மேல் விழுந்தது. விறகு முறிகிற சத்தம் கேட்டது. எழுபது கிலோ இரும்பு ஒரு மனிதன்மேல் கிடக்க, நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"தொடாதீங்க! யாரும் அவளைத் தூக்காதீங்க!"

மேலே ரோட்டிலிருந்து ரெமெய் சரிவில் ஓடிவந்தாள். முந்தின இரவு மகள் அழுததைக் கேட்டு, யாரிடமும் சொல்லாமல் பார்க்க வந்திருக்கிறாள். முதலில் ப்ரூனாவின் கழுத்தைத் தடவினாள். கீறல்கூட இல்லை, ஒரு கையுறை மட்டும் கழன்றிருந்தது. பிறகு என்னோடு சேர்ந்து வண்டியைத் தூக்கினாள். ஃபெர்மீயின் காறை எலும்பு தோலுக்கு அடியில் முட்டிக்கொண்டு நின்றது.

"இது என்ன வண்டி?" என்று கேட்டாள்.

"125..." என்றான் அவன், பல்லைக் கடித்தபடி.

"ரோட்டுல வரும்போதே காதுல விழுந்துச்சு ஃபெர்மீ. நாலு வருஷம் இந்தச் சத்தத்துக்கு அடியிலதான் நின்னேன்."

அவள் குனிந்து ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கீறினாள். நான் நீவிவிட்ட ஓரம். அது ஒரே இழுப்பில் வந்தது. அடியில் 280.

ப்ரூனா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப மூணு வாரமா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "என் கைதான் சரியில்லைன்னு நெனச்சேம்ப்பா. மெதுவாத் திருகணும்னு ரூம்ல தொடப்பக் கட்டையைப் பிடிச்சுத் திருகித் திருகிப் பழகினேன்."

எலும்பு முறிந்தபோது வாய் திறக்காத ஃபெர்மீயிடமிருந்து அப்போது ஒரு முனகல் வந்தது. "உன் நல்லதுக்குத்தான்..." என்றவனால் முடிக்க முடியவில்லை.

ரெமெய் என்னிடம் திரும்பினாள். "வாங்கும்போது நீயும் கூடப் போனியே. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அடுத்தவன் கால் கீழ பட்டா மட்டும் எண்ணுவ, இல்ல?"

புதன்கிழமை வண்டியை மாற்ற அவள் ப்ரூனாவோடு பொன்ஸிடம் போனாள். பொன்ஸ்தான் பிறகு சொன்னான். "நம்பரைப் பாக்கவே இல்லடா. ஸ்டார்ட் பண்ணுன்னா. கண்ணை மூடிட்டு நின்னா. கொஞ்சம் முடுக்குன்னா, விடுன்னா, மறுபடி முடுக்குன்னா. டாக்டரு நெஞ்சுல குழாய் வச்சுக் கேக்குற மாதிரி. ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்."

ஞாயிற்றுக்கிழமை என் பாறைக்கு ப்ரூனா வந்தபோது, கீழே முதுகில் பையோடு ரெமெய் நின்றாள், இடது தோளை முன்னால் கொடுத்து. தோள்கட்டோடு ஃபெர்மீ பார்வையாளர் கயிற்றுக்கு அப்பால். 125 தொண்டை கிழிய அலறிக்கொண்டு ஏறியது. நடுவில் ஒருமுறை அவள் கால் ஊன்றியது. உச்சியில் இன்னொரு முறை பூட்ஸ் நுனி ஒரு கல்லை உரசியது. என்னைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது.

அட்டையை நீட்டினாள். "எத்தனை மாமா?"

"ரெண்டு."

"ஒண்ணுதானே?"

"மேல, அந்த வெள்ளைக் கல்லுல."

யோசித்தாள். "ஆமா. பட்டுச்சு."

ரெமெய் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அன்று பாறைக்கடியிலிருந்து வந்து, இரண்டாவது ஓட்டை விழுகிறவரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். விழுந்ததும் முதுகுப் பையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு, மகளுக்கு முன்னால் அடுத்த பாறைக்கு நடந்தாள்.