கடைசி வரிசை அடுப்புகள்

பயிற்சி நாட்களில் கடைசி வரிசையின் சாஸ் பட்டுப்போல் வழிந்தது. தேர்வு நாட்களில் அதே கைகள், அதே அடுப்பில், அதே சாஸைத் திரிய விட்டன. ஏன் என்று சமையல் பள்ளியின் முதல்வரான அவளுக்கு விளங்கவே இல்லை.

சாஸ் ஒன்றும் மாயவித்தை அல்ல. முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, பால். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, சிறுதீயில் வைத்து, மரக்கரண்டியால் கைவிடாமல் கிண்டினால் மெல்லக் கெட்டிப்படும். ஆனால் மஞ்சள் கரு பொல்லாதது. சூடு போதாவிட்டால் அசையாமல் பாலாகவே கிடக்கும். கொஞ்சம் கூடிவிட்டால் துணுக்குத் துணுக்காக வெந்து பிரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம் மிகக் குறுகல். அதனால்தான் அதைத் தேர்வுக்கு வைக்கிறார்கள். ஒருவருக்குத் தீயை அடக்கத் தெரியுமா தெரியாதா என்பதை அந்த ஒரு கிண்ணம் சொல்லிவிடும்.

கடைசி வரிசைக்குத் தெரியாது என்று கிண்ணம் இரண்டு முறை சொல்லிவிட்டது. மூன்றாம் முறையும் அப்படியே சொன்னால் அந்த வரிசையில் இருப்பவர்கள் பள்ளியை விட்டுப் போக வேண்டும்.

அவள் சும்மா இருக்கவில்லை. அடுப்புகளைப் பிரித்துத் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யச் சொன்னாள். கேஸ் கம்பெனி ஆளை வரவழைத்து அழுத்தம் பார்க்கச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. முதல் வரிசையின் கெட்டிக்காரப் பையனைப் பயிற்சி நாளில் கடைசி அடுப்பில் நிறுத்திப் பார்த்தாள். அவனுக்கும் நன்றாகவே வந்தது. அடுப்பில் குறை இல்லை, பாலில் குறை இல்லை, முட்டையில் குறை இல்லை. மிச்சம் இருப்பது மனிதர்கள்தான். அந்த முடிவு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கடைசி வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கட்டணச் சலுகையில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கான சேர்க்கை கடைசியில் நடக்கும், அதனால் இடமும் கடைசியில். அவர்களில் மூத்தவளை எல்லோரும் ஹாஸ்டல் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பெண்கள் விடுதி ஒன்றில் பல வருடங்கள் ஒற்றை ஆளாகப் பொங்கிப் போட்டவள். விடுதியை மூடிவிட்டார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றில் அவளுக்கு இடம் தயாராக இருந்தது, பள்ளியின் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார்கள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் சேர்மன் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். அடுத்த வருடம் முதல் சலுகை இடங்கள் வேண்டாம், இந்தத் தேர்வு முடிவுகளே போதுமான காரணம் என்று முதல்வரைக் கூப்பிட்டு, காபி கொடுத்துச் சொன்னார்.

"நான் யாரையும் தப்பா சொல்லல செஃப். சிலருக்குக் கை வரும், சிலருக்கு வராது. தேர்வு அறைக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் விருந்தாளிங்க நாலு பேர் நின்னு பார்த்தாலே இவங்களுக்கு உதறுது. பெரிய இடத்துல எப்படி நிப்பாங்க?"

கை வராது. அந்த இரண்டு சொற்கள் அவளுக்குப் புதியவை அல்ல. அவள் தொழிலைத் தொடங்கியது ஒரு ஹோட்டலின் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில். அடுப்படிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டபோது வெங்காயம் உரிக்கப் போட்டார்கள். மறுபடியும் கேட்டாள். சாஸ் பிரிவின் மேஸ்திரி, பொம்பளைக்கு அந்தக் கை வராது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த மேஸ்திரி விடுப்பில் போன ஒரு வாரத்தில் அவருடைய அடுப்பில் நின்றாள். அவர் திரும்பி வந்தபோது அவள் நகரவில்லை. பிறகு பிரிவுத் தலைவி, பிறகு தலைமைச் செஃப், பிறகு இந்தப் பள்ளி. கை என்பது பிறவியில் வருவதல்ல, அடுப்பு கிடைத்தால் வருவது என்று காட்டத்தான் இந்த நாற்காலிக்கே வந்திருந்தாள். இப்போது அதே பேச்சை, காபியோடு, நாகரிகமாகக் கேட்க வேண்டியிருந்தது.

அவள் காபியைத் தொடாமல் எழுந்தாள்.

"அடுத்த தேர்வுக்கு முன்னாடி நானே அந்த அடுப்புல நிக்கறேன் சார். தேர்வுல என்னென்ன செய்வீங்களோ அத்தனையும் செய்யுங்க. நீங்களும் வந்து பாருங்க."

சேர்மனுக்கு வேடிக்கையாக இருந்தது. சரி என்றார். அன்றைக்கு இரண்டு விருந்தினர்களையும் கூட்டி வந்து கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிறுத்தினார். உள்ளே மாணவர்களும் அவரவர் அடுப்பில் நிற்க, எல்லாம் தேர்வு முறைப்படி நடந்தது. கதவைச் சாத்தினார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், கழுவும் அறைக்குப் பாத்திரம் தள்ளிவிடும் சன்னலை இழுத்து மூடினார்கள். யாரும் எதையும் கைமாற்றிவிடக் கூடாதாம். எல்லா அடுப்பும் எரிந்ததால் புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் வைத்தார்கள்.

அவள் பால் ஊற்றினாள், கிண்டினாள், காத்திருந்தாள். கெட்டிப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டே அவள் செய்துவிடக்கூடிய வேலை இது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். முன் வரிசைகளில் கரண்டிகள் கனக்கத் தொடங்கிய பிறகும் அவளுடையது தண்ணீராகவே ஓடியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. எவரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், தீயைச் சற்றுக் கூட்டினாள். அடுத்த நொடி பாத்திரத்தின் ஒரு ஓரத்தில் சாஸ் சுருண்டது. கரண்டி அங்கே போவதற்குள் மஞ்சள் துணுக்குகள் மேலே மிதந்தன.

கண்ணாடிக்கு வெளியே சேர்மன் விருந்தினர்களிடம் ஏதோ சொல்ல, அவர்கள் சிரித்தார்கள். அவர் உள்ளே வந்து, வயசு எல்லாருக்கும்தான் ஆகுது செஃப், விடுங்க என்று ஆறுதல் சொன்னார். அவரோடு சண்டை போட அவளுக்கு அப்போது நேரமில்லை. பக்கத்து அடுப்பில் நின்ற ஹாஸ்டல் அக்கா தன் திரிந்த பாத்திரத்தையும் அவளுடையதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்குமா செஃப்?" என்றாள் மெதுவாக.

அந்தக் குரலில் கேலி இல்லை. எத்தனையோ நாள் தூக்கிச் சுமந்ததைக் கீழே இறக்கி வைத்த குரல் அது. முதல்வர் சட்டென்று முழங்காலிட்டு, பாத்திரத்துக்கு அடியில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நின்றபடி கிண்டுகிறவருக்கு அகலப் பாத்திரத்தின் அடியில் இருக்கிற சிறுதீ தெரியாது. இப்போது தெரிந்தது. சுடர் நேராக நிற்கவில்லை. யாரோ ஊதுகிற மெழுகுவத்திபோல ஒரு பக்கமாகப் படுத்து எரிந்தது. பாத்திரத்தின் நடு அடிக்குச் சூடே இல்லை. ஒரு ஓரம் மட்டும் சுட்டது. அதனால்தான் கெட்டிப்பட மறுத்தது, அதனால்தான் கூட்டியவுடன் ஓரத்தில் வெந்தது. முதல் வரிசைக்கு ஓடிப் பார்த்தாள். அங்கே சுடர் பூ மொட்டுபோல நிமிர்ந்து நின்றது. வேலை முடிந்து விசிறியை நிறுத்தியதும் கடைசி வரிசைச் சுடரும் எழுந்து நின்றது.

ஆக, காற்று. ஆனால் சாத்திய அறைக்குள் காற்று எங்கிருந்து வரும்?

விடை அவள் வீட்டு வாசலில் கிடந்தது. அன்று மாலை அவள் தாளிக்கும்போது சமையலறை விசிறியைப் போட்டாள். வாசல் கதவுக்கு அடியிலிருந்து மெல்லிய ஊளை கிளம்பியது. ஊருக்குப் போகிற வழியில் இரண்டு நாள் தங்க வந்திருந்த நாத்தனார் சோபாவிலிருந்து சிரித்தாள்.

"உங்க வீட்டுக் கதவு உங்களைவிட நல்லா பாடுது அண்ணி."

கணவன் எழுந்து போய்ப் பழைய துண்டைச் சுருட்டிக் கதவிடுக்கில் சொருகினான். ஊளை நின்றது. கொஞ்ச நேரத்தில் தாளித்த புகை கூடத்துக்குள் வந்து மூவரும் இருமினார்கள். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் புகையை இழுக்கவில்லை. கரண்டியும் கையுமாக அவள் அப்படியே நின்றாள்.

விசிறி காற்றைத் தயாரிப்பதில்லை, வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்கு வேறொரு வழியில் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வழி அகலமாக இருந்தால் காற்று நடந்து வரும், யாருக்கும் தெரியாது. வழி ஒரு விரல் இடுக்காக இருந்தால் அதே காற்று ஓடி வரும், ஊளையிடும், எதிரில் இருப்பதைச் சாய்க்கும். பயிற்சி நாளில் பாத்திரச் சன்னல் விரியத் திறந்திருக்கும். தேர்வு நாளில் அதை மூடுகிறார்கள். ஆனால் அதன் பலகை அடியில் சரியாகப் பொருந்தாது. அந்த இடுக்கு கடைசி வரிசை அடுப்புகளின் மட்டத்திலேயே இருக்கிறது.

இருமிக்கொண்டே நாத்தனாரிடம், உன் கிண்டலுக்கு ஒரு நாள் விருந்தே வைக்கணும் என்றாள்.

மறுநாள் முதல் வேலையாக விசிறியை முழு வேகத்தில் வைத்து, சன்னல் இடுக்கில் ஒரு காகிதக் கீற்றைப் பிடித்தாள். அது விறைத்துக்கொண்டு அடுப்பை நோக்கிப் படபடத்தது. இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இவ்வளவு பெரிய விசிறி வைத்துக் கட்டியவர்கள் காற்று வர வழி வைக்காமலா விட்டிருப்பார்கள்? சுவர்களைச் சுற்றி வந்தாள். வெளிப்புறத்தில், முதல் வரிசைக்கு மேலே, உயரத்தில் ஒரு கம்பி வலை இருந்தது. உள்ளே அதே இடத்தில், பெயர் வாங்கியவர்களின் படங்கள் ஒட்டிய பள்ளியின் பெருமைப் பலகை, சுவரோடு சுவராகத் திருகாணி போட்டு மாட்டப்பட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நிற்கிற விருந்தினர்களுக்கு நேராகத் தெரியட்டும் என்று சேர்மன் தேர்ந்தெடுத்த இடம். அதன் நடுவில், எல்லாவற்றிலும் பெரிதாக, வெள்ளைத் தொப்பியில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சேர்மனை அந்தப் பலகையின் கீழேயே நிறுத்தி, காகிதக் கீற்றைக் காட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து பொறுமையாக விளக்கினாள். அவர் பலகையையும் கண்ணாடியையும் பார்த்தார். அது நல்ல இடம் ஆயிற்றே, இந்தத் தேர்வு முடியட்டும், அப்புறம் ஆற அமர யோசிக்கலாம் என்றார். உங்க படம்தானே அதுல பெருசு என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அதுதான் சார் எனக்குக் கேவலமா இருக்கு. என் மூஞ்சிய வெச்சு காத்து வர்ற வழிய அடைச்சுட்டு, கை வரலைன்னு இவங்களைச் சொல்லியிருக்கீங்க. நானும் கேட்டுட்டு நின்னிருக்கேன். இது இறங்கற வரைக்கும் இங்க தேர்வு கிடையாது. பழைய ரெண்டு தேர்வும் தேர்வே இல்ல."

விதியில் அதற்கு இடமில்லை என்றார் அவர். அடுப்பு நேராக எரியாத பரீட்சைக்கு எந்த விதியில் இடமிருக்கிறது, காட்டுங்கள் என்றாள். சலுகை இடங்களை நீக்குவதென்றால் இந்தக் காகிதக் கீற்றை அறக்கட்டளைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பிடித்துக் காட்டிய பிறகு நீக்கலாம் என்றாள். சேர்மன் கைக்குட்டையை எடுத்துத் துடைக்க வேண்டாத இடத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, உங்க இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏணியைப் பிடித்தது ஹாஸ்டல் அக்கா. திருகாணிகளைக் கழற்றியது முதல்வர். பலகை சுவரை விட்டு வந்ததும் உள்ளே கறுத்த வலையிலிருந்து தூசி இருவர் தலையிலும் கொட்டியது. அப்புறம் காற்று வந்தது. உங்க படத்தை எங்க வைக்கட்டும் செஃப் என்று ஹாஸ்டல் அக்கா கேட்டாள். மளிகை அறையில மூட்டைக்குப் பின்னால வை, எலியாவது பயப்படட்டும் என்றாள் முதல்வர்.

அடுத்த தேர்வில் கதவும் சன்னலும் வழக்கம்போல மூடியிருந்தன, விசிறி முழு வேகத்தில் ஓடியது, விருந்தினர்களும் நின்றார்கள். ஹாஸ்டல் அக்காவின் கரண்டி முதுகில் சாஸ் வழியாமல் பூசினாற்போல் நின்றது. முதல்வர் அதில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு அப்படியே இருந்தது. கடைசி வரிசையில் ஒரு கிண்ணமும் திரியவில்லை.

செய்தது இவ்வளவுதான். மேலே இருக்கும் காற்றுத் துளையை மறைத்த பலகையைக் கழற்றினார்கள். விசிறி இழுக்கிற காற்று இப்போது அந்த அகல வழியாக, எல்லோர் தலைக்கும் மேலே, மெதுவாக வருகிறது. சன்னல் இடுக்கில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறது. கடைசி வரிசையின் சுடர் நேராக நிற்கிறது.