முகம் வரையும் ஞாயிறு

"இன்னிக்கி க்ளாஸ் இல்ல, போங்க!" என்று ஐஸ் பெட்டியின் தலைமாட்டிலிருந்து பவானி கத்தினாள். வாசலில் லூர்தும் ரமாபாயும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இருவர் கையிலும் வரைபலகை. புருஷன் செத்துக் கிடக்கிற வீட்டுக்கு ஊர் உலகத்தில் மாலை வாங்கி வருவார்கள்; இதுகள் பேஸ்டல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கின்றன.

தாமோதரன் நேற்றுச் சாயங்காலம் டீ கேட்டார். அவள் டீயோடு வருவதற்குள் போய்விட்டார். எதிலும் பொறுமை கிடையாது அந்த மனுஷனுக்கு. ஆனால் பதினைந்து வருஷமாக ஞாயிறுதோறும் இந்த ராயபுரம் வீட்டு மாடியில், பென்சில் பிடிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் பேஸ்டல் வண்ணக்கட்டியில் படம் போடக் கற்றுக்கொடுத்தார். லூர்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ரமாபாய்க்குக் கல்மண்டபத்தில் இட்லிக் கடை. இருவரும் க்ளாஸில் சேர்ந்து ஆறு மாசமாகிறது. இன்னும் ஒரு தக்காளி ஒழுங்காக வரவில்லை.

ஏற்கெனவே அவளுக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. தம்பி திலீப் அடித்துக்கொண்டு வந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் ஆதார் கார்டு படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தான்.

"இன்னாடா இது? போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டுற மாரி கீது. இதையா காலம்பூரா சொவுத்துல மாட்டி வெச்சிப் பாக்கணும் நானு?"

"வேற ஏதுக்கா? கல்யாண ஆல்பம் வெள்ளத்துல பூட்ச்சி. மத்த எல்லா போட்டோலயும் மாமா முதுவுதான் கீது."

அதுவும் உண்மைதான். கேமராவைக் கண்டால் அவர் வேறு எதையாவது பார்க்கத் திரும்பிவிடுவார்.

லூர்து தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "பவானிம்மா, கோச்சிக்காத. இந்த வாரம் முகம் போடணும், நானே உக்கார்றேன்னு சாரு சொல்லிகினு இருந்தாரு..."

"உக்காந்துகினா கீறாரு? கண்ணு தெர்லயாண்ணே உனுக்கு?"

"வாக்கு குட்த்துட்டாரும்மா," என்றாள் ரமாபாய், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பவானிக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. "வரைஞ்சித் தொலைங்க," என்றாள்.

இருவரும் பெட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அழ வந்த பெண்கள் இடமில்லாமல் தள்ளி உட்கார்ந்து அழுதார்கள். மூன்று மணிக்கு லூர்து பலகையைத் திருப்பிக் காட்டினார். மூக்கு தாமோதரன் மூக்குதான். காதுகூட அதேதான். ஆனால் மூக்கில் பஞ்சு இருந்தது, தாடைக்கட்டு இருந்தது, உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இன்னாண்ணே, பஞ்செல்லாம் போட்டு வெச்சிகீற?"

"நெனைக்கிறத போடாத, பாக்குறத போடுன்னு சாரு..."

"சாரு சொல்வாரு! இத எப்டி மாட்டுறது சொவுத்துல?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை. அழுதுகொண்டே திட்டினாள். "பஞ்ச எட்த்துடு. கட்ட எட்த்துடு. கண்ண தொறந்து வெய்யி."

லூர்து விரலால் தேய்த்துப் பஞ்சை அழித்தார். ரமாபாய் எட்டி உதட்டுக்கு நிறம் கொடுத்தாள். கண்ணுக்கு வந்ததும் லூர்தின் கை நின்றது.

"கண்ணு இன்னா கலரும்மா?"

"கறுப்பு."

"கறுப்புக் கண்ணே யாருக்கும் கெடையாதுன்னு சாரு..."

பவானி குனிந்து, பெட்டிக்குள் மூடிக் கிடந்த இமைகளைப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம். பலகைக்குப் பின்னாலிருந்து அவர் அவளையே அளந்து அளந்து பார்ப்பார். 'இன்னா பார்வ, போய்யா' என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"டப்பாவ குடு," என்றாள்.

பழுப்பில் மட்டும் பதினோரு துண்டு இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று ரொம்பச் சிவப்பு. ஒன்று மங்கல். இரண்டைக் கலந்து தேய்த்தாள். அதுவும் இல்லை.

வாசலில் மேளம் ஆரம்பித்தது. திலீப் உள்ளே எட்டிப் பார்த்தான். "அக்கா, நாலரைக்கு ராகுகாலம். மூலகொத்தளம் சுடுகாட்டுல ஆளுங்க காத்துனு கீறாங்க. தூக்கிரலாமா?"

"இர்றா," என்றாள் பவானி, அடுத்த துண்டை எடுத்தபடி.

கோடுகள் முழங்கை வரைக்கும் வந்துவிட்டன.