பூஜைக்கு நிறுத்திய பெட்டி

"பொறந்தநாளுக்கு அவளைப் பார்த்துடறேன் இளவரசி. இந்தத் தடவை பார்த்துருவேன். நீ பக்கத்துல இரு, அது போதும்."

பிள்ளையார்பாளையத்திலிருந்து அண்ணி கமலவேணி போனில் இதைச் சொன்னபோது, இளவரசி சின்ன காஞ்சிபுரத்தில் தன் வீட்டு அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். இரண்டு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது. "சரி அண்ணி, நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அப்பளத்தை மறந்துபோனாள்.

அண்ணி பார்க்க வேண்டும் என்றது கீர்த்தியை. இளவரசியின் அண்ணன் மாணிக்கவேலுக்கும் கமலவேணிக்கும் ஒரே பெண். ஏழு வயதில் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தவள், வெள்ளிக்கிழமை இல்லை. அதை விவரித்துச் சொல்ல இந்தக் கதைக்குத் தெம்பில்லை.

பிள்ளை போன பிறகு வீட்டில் பெரிய இம்சை பண்ணியது அண்ணியின் கைபேசிதான். பால்காரருக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தால், 'இதே நாளில், மூன்று வருடங்களுக்கு முன்' என்று கீர்த்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து நிற்பாள். பின்னால் ஒரு பாட்டு வேறு. கம்பெனிக்காரர்களுக்கு நல்ல எண்ணம்தான்; சிரிக்கிற முகம் என்றால் சந்தோஷம் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செத்துப்போன பிள்ளையும் படத்தில் சிரிக்கும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் அண்ணி போனைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அடுத்த நாள் இளவரசியிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டாள். "இதை நிறுத்துமா. அவளை எங்கனா பத்திரமா வை. நான் கேட்டா மட்டும் காட்டு. கேக்காதப்போ வரவேணாம்."

இளவரசி சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். மென்பொருள் வாங்கியவர்கள் ஓடவில்லை, திறக்கவில்லை என்று புலம்பினால் பொறுமையாக வழி சொல்கிற வேலை. அவளுக்கு உடனே யோசனை வந்தது. பழைய சின்னக் கணினிப் பெட்டி ஒன்றை அண்ணன் வீட்டில், இன்டர்நெட் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். தன்னிடம் ஐந்தாறு வருடமாக ஓடிக்கொண்டிருந்த பெரிய ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டினாள். வீட்டிலேயே செயலிகளை வைத்து ஓட்டுவதற்கென்று ஊர் பேர் தெரியாத நாலைந்து பேர் சேர்ந்து எழுதி, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இலவசமாகக் கொடுத்திருந்த மென்பொருள் ஒன்றை ஏற்றினாள். அதன் நிஜப் பெயர் வாயில் நுழையாது. இளவரசி அதற்கு வைத்த பெயர் மேஸ்திரி. எந்தச் செயலி வேண்டும் என்று ஒரு பொத்தானை அமுக்கினால், இறக்குவது, இடம் ஒதுக்குவது, ஒன்றோடு ஒன்று சண்டை போடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் மேஸ்திரியின் பாடு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை நகலும் எடுத்து, பச்சை டிக் போட்டு, அவள் வீட்டுக் கணினிக்கு அனுப்பிவிடும்.

படச் செயலியை ஏற்றி, அண்ணியின் போன், தன் போன், கம்பெனிக்காரர்களின் கணக்கு என்று எங்கெல்லாம் கீர்த்தி இருந்தாளோ அங்கிருந்தெல்லாம் எடுத்து இந்தப் பெட்டிக்குள் வைத்தாள். மற்ற இடங்களில் துடைத்துவிட்டாள். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினாள். பாதி வேலை பண்ணுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அண்ணிக்குத் தனியாக ஒரு நுழைவுச் சொல் எழுதிக் கொடுத்தாள். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று மேஸ்திரி காட்டும். கமலவேணி என்ற பெயருக்கு எதிரே இரண்டு வருடமாக ஒரே வாசகம்தான் இருந்தது: இதுவரை வரவில்லை. இளவரசி அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

இப்போது வருகிறேன் என்கிறாள். பிறந்தநாள் ஐப்பசியில், இன்னும் பன்னிரண்டு நாள்.

அன்று மாலையே, எது முதலில் காட்டலாம் என்று எடுத்து வைக்க இளவரசி தன் வீட்டிலிருந்தபடியே செயலியைத் திறந்தாள். பக்கம் திறந்தது. தேதி வாரியாகத் தபால்தலை அளவில் கீர்த்தியின் சின்னச் சின்ன முகங்கள் வரிசையாக நின்றன. பள்ளி ஆண்டு விழாப் பாட்டு, நாற்பத்திரண்டு விநாடி. தொட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்ததைத் தொட்டாள். அதுவும் சுற்றியது.

அப்போதுதான் அவளுக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் பூஜையன்று சாயந்திரம், பெட்டி தொடர்பில் இல்லை என்று அவள் போனில் சேதி வந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவர் சிரித்தார். "ஊர்ல எல்லா தறிக்கும் லீவு. உன் பொட்டி மட்டும் ரா பகலா ஓடிக்கினே இருக்குது, பாவமா இல்ல? நல்லா துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு நிறுத்தியிருக்கறேன்பா. நம்ம கீர்த்தி இருக்கிற பொட்டி. அதுக்குப் பூ வெக்காம வேற எதுக்கு வெக்கப்போறேன்? நாளைக்கு எடுத்துப் போடறேன்." விஜயதசமியன்று தறியில் முதல் இழை ஓட்டிய கையோடு ஸ்விட்சையும் போட்டிருக்கிறார். மேஸ்திரியும் அந்தத் தபால்தலைப் படங்களும் இருப்பது வேறொரு சின்ன டிஸ்க்கில். அது எழுந்து, பக்கம் திறந்தது. இளவரசியும் சரி என்று விட்டுவிட்டாள். பெரிய டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை என்பதை யாரும் பார்க்கவில்லை.

நகல் இருக்கிறதே என்று அவள் முதலில் பதறவில்லை. தன் கணினியில் வாராவாரம் வந்து சேர்ந்திருந்த நகலைத் திறந்தாள். உள்ளே செயலியின் அமைப்புகள் இருந்தன. பட்டியல் இருந்தது. எந்த வீடியோ, எந்தத் தேதி, எத்தனை விநாடி, எல்லாம் இருந்தது. வீடியோ மட்டும் இல்லை.

அந்த மென்பொருள்காரர்களின் இணைய மன்றத்தில் எழுதிக் கேட்டாள். எந்த நாட்டுக்காரரோ, ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட்டார். மேஸ்திரி நகலெடுப்பது செயலிகளைத்தான். வெளியே மாட்டிய டிஸ்க்கில் இருப்பதை நாம்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். கையேட்டில் அது எந்தப் பக்கம் என்று சுட்டியும் கொடுத்திருந்தார். கடைசியில், உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். யாரைத் திட்டுவது? காசு வாங்காமல் செய்து கொடுத்தவர்கள், ஒளிக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு வீடியோவுக்கு இத்தனூண்டு நகலா என்று ஒரு வெள்ளிக்கிழமையாவது அவள் கேட்டிருக்க வேண்டும். நகலை ஒரு தரம் திறந்து பார்த்தீர்களா என்று தினமும் பத்துப் பேரிடம் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் அவள்.

மறுநாள் அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போய், ஏதோ பழுது பார்க்க வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லி டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்தாள். சென்னையில் அழிந்ததை மீட்டுத் தருகிற கடை ஒன்றில் கொடுத்தாள். ஏழாம் நாள் கடைக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே சுற்றுகிற தட்டெல்லாம் கீறிப்போய்விட்டதாம்.

"எத்தினி வருஷமா நிறுத்தாம ஓட்டிக்கினு இருந்தீங்கமா?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும்."

"அப்படி ஓடற பழைய டிஸ்க்கை நிறுத்தக்கூடாதும்மா. நிறுத்தினா சிலது திரும்ப எழுந்துக்காது. அப்படியே விட்டிருந்தா இன்னும் ஒரு வருஷம்கூட ஓடியிருக்கும்."

இளவரசி அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டி வரும்போது முடிவு பண்ணிவிட்டாள். இதை அண்ணன் காதில் போடக்கூடாது. மனிதர் பூ வைத்துக் கும்பிட்டு நிறுத்தியிருக்கிறார். தெரிந்தால் அப்புறம் அவர் எந்தப் பூஜை பண்ணுவார்?

மிச்சமிருந்த நாட்களில் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் பண்ணினாள். தென்னேரியிலிருந்து ஒரு சித்தி, தன் பையன் கல்யாண வீடியோவில் கீர்த்தி இருக்கிறாள் என்று அனுப்பினாள். இருந்தாள், பந்திக்கு நடுவே நாலு விநாடி ஓடினாள். வாயைத் திறந்து எதையோ கத்திக்கொண்டுதான் ஓடினாள். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

பிறந்தநாளன்று காலை பத்து மணிக்கு இளவரசி பிள்ளையார்பாளையம் போனாள். அண்ணி தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, கூடத்தில் பாய் விரித்து வைத்திருந்தாள். அண்ணன் அன்றைக்குத் தறியில் இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சினிமாவுக்குக் கிளம்பின மாதிரி உட்கார்ந்திருந்தார். கேசரி வாசனை வந்தது. கீர்த்திக்குப் பிடித்தது.

"உட்காருமா. டிவியில வருமா, லேப்டாப்புலயா?" என்றாள் அண்ணி.

இளவரசி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயந்தாள்.

"அண்ணி, வீடியோ எல்லாம் போயிடுச்சு. டிஸ்க் கெட்டுப்போச்சு. நகல் இருக்குதுன்னு நினைச்சுக்கினு இருந்தேன், இல்ல. நான் சரியா எடுக்கலை. என் தப்புதான் அண்ணி. நான்தான் எல்லா இடத்துலயும் அழிச்சேன். நான்தான் பார்க்காம விட்டேன்."

பக்கத்து வீட்டுத் தறி அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாமா?" என்றாள் அண்ணி.

"வீடியோ எல்லாம். தபால்தலை சைஸ்ல போட்டோ மட்டும் கொஞ்சம் இருக்குது."

மாணிக்கவேல் மெதுவாக நிமிர்ந்தார். "நான் பூஜைக்கு நிறுத்தினேனே. அதனாலயா இளவரசி?"

"அதெல்லாம் இல்லண்ணா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது முன்னாடியே போயிடுச்சு."

அண்ணனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அவர் நம்பினாரா என்பது தெரியவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

அண்ணி திட்டுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்றெல்லாம் இளவரசி தயாராகத்தான் வந்திருந்தாள். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்காரவைத்தாள்.

"நான் ஏன் இப்போ கேட்டேன், தெரியுமா உனக்கு?"

"தைரியம் வந்துடுச்சுன்னு நினைச்சேன் அண்ணி."

"தைரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன மாசம் ஒரு நாள் காலையில வாசல் தெளிச்சுக்கினு இருந்தேன். ஸ்கூல் வுட்டு வரும்போது தெருமுனையிலேயே அம்மான்னு ஒரு கூப்பாடு போடுவாளே, அதை மனசுல கொண்டாரப் பார்த்தேன். வரலை இளவரசி. அம்மான்னு வருது, அவ குரல் வரலை. தினமும் பார்க்கறேன், வரலை. பயந்துட்டேன். அதுக்குத்தான் கேட்டேன். ஒரு தரம் கேட்டுட்டா மறுபடி பிடிச்சுக்கலாம்னு."

இளவரசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணி அழவில்லை. இளவரசியின் கையை விலக்கி, முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கும். அத்தை அத்தைன்னு உன் பின்னாடியேதானே சுத்துவா. என்னை எப்படிக் கூப்பிடுவா, நீ கூப்பிட்டுக் காட்டு."

இளவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "அம்மா" என்றாள். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் குரல்தான் வந்தது.

"அது இல்ல" என்றாள் அண்ணி. "இன்னொரு தரம் கூப்பிடு."

இளவரசி இன்னொரு தரம் கூப்பிட்டாள்.