பானையும் அக்காவின் புருவமும்

பாடத்தைச் செய்தவர் சோதனை நடக்கும் அறைக்குள் வரக்கூடாது. அந்த விதியை எழுதியவள் தங்கை. அன்று வெளியே நின்றவள் அக்கா.

இருவருக்கும் ஒரே அருங்காட்சியகத்தில் வேலை. அக்கா பள்ளிகளுக்கான கணினிப் பாடங்களைச் செய்வாள். அவை பிள்ளைகளிடம் எடுபடுகின்றனவா என்று தங்கை பார்த்துச் சொல்வாள். உடன்பிறந்தவள் என்பதற்காக எதையும் கூட்டிப் போடக்கூடாது என்று இயக்குநர் தங்கையை எச்சரித்திருந்தார். அவளாவது, கூட்டிப் போடுவதாவது என்றாள் அக்கா.

இம்முறை பாடம் ஓர் உடைந்த பழைய பானை. அதன் இருபத்து மூன்று துண்டுகளைத் திரையில் சேர்க்கவேண்டும். எங்கே கரி படிந்திருக்கிறது, எந்த விளிம்பு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தால், அதில் சமைத்தவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தானாகவே ஏதாவது பிடிபடும். நான்கு மாத உழைப்பு. பாதிப் பேருக்கு மேல் முடித்தால் பள்ளிகளுக்குப் போகும். இல்லையென்றால் கிடப்பில் போடுவார்கள். அக்காவின் முந்தைய பாடம் அங்கேதான் கிடந்தது.

பதினொரு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். நடைவழியைப் பார்த்த கண்ணாடி ஜன்னல் ஓரத்து மேசையில் டேப்லெட். தங்கை பின்னால் உட்கார்ந்து, பிள்ளையின் கை தயங்கி நிற்கும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போட்டாள். அதிகம் போட வேண்டியிருக்கவில்லை. பதினொரு பேரும் முடித்தார்கள். அக்கா நடைவழியில் எதிர்ப்பட்ட காவலாளியிடம்கூட அதைச் சொன்னாள்.

மதியம் தங்கை வீடியோ பதிவைப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டையும் வைப்பதற்கு முன் பிள்ளைகள் தலையை நிமிர்த்தினார்கள். எதிரே அந்த நடைவழிக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா.

கூப்பிட்டுக் காட்டினாள். தான் வாயே திறக்கவில்லை என்று அக்கா சாதித்தாள்.

“வாய் திறக்கலக்கா. மூஞ்சி பேசியிருக்கு.”

பதிவில் ஒரு சிறுமி தப்பான துண்டைப் பானைக்கு அருகே கொண்டுபோனாள். கண்ணாடிக்குப் பின்னால் புருவம் சுருங்கியது. சிறுமி வேறு துண்டை எடுத்தாள். புருவம் ஏறியது. பல் தெரிந்தது. சிறுமி துண்டை வைத்தாள்.

அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“அப்போ என் பாடம் ஒண்ணுமே சொல்லித் தரலயாடி?”

தங்கை அறிக்கைப் படிவத்தை எடுத்து வைத்தாள். அதில் கண்ணாடியைப் பற்றிக் கேள்வி இல்லை. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அக்கா படிவத்தைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து இரண்டாகக் கிழித்தாள்.

“அடுத்த வாரம் வேற பிள்ளைங்களக் கூப்பிடு. கண்ணாடில பேப்பர் ஒட்டிடு.”

“உன் மேலயும் ஒண்ணு ஒட்டணும்.”

அந்த வாரம் முழுக்க அக்கா பதிவில் தன் முகத்தையே பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு நேரம் பார்த்துக்கொள்ளவில்லை என்று தங்கை கிண்டலடித்தாள். முகம் மலர்ந்த இடங்கள் ஒன்பது. ஒன்பதிலும் ஒரு துண்டின் கரி அடுத்த துண்டுக்குத் தொடர்ந்தது. அங்கே பார்க்கவேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். திரை அதைச் சொல்லவே இல்லை. அவள் பாடத்தை மாற்றினாள். இப்போது திரையில் அந்த ஒன்பது இடங்களிலும் இரண்டு விளிம்புகள் பெரிதாகி அருகருகே நின்றன. சரி, தப்பு என்று எதுவும் எழுதவில்லை.

இரண்டாம் சோதனையின்போது அக்கா கேன்டீனில் இருந்தாள். பிள்ளைகளுக்கு நேரம் இரு மடங்கு ஆனது. யாரும் தலை நிமிரவில்லை. ஒருத்தி மட்டும் தனக்குத்தானே பேசினாள். “இந்தப் பக்கம்தான் எப்பவும் நெருப்பு பட்டிருக்கு.”

தங்கை இறங்கி வந்தாள்.

“ஏழு பேரு முடிச்சுட்டாங்க. பாடம் ஸ்கூலுக்குப் போகுதுக்கா.”

அக்கா அவள் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு மற்ற நான்கு பேர் எங்கே நின்றுவிட்டார்கள் என்று கேட்டாள். பானையின் கைப்பிடித் துண்டில் என்றாள் தங்கை.

“பழைய பதிவுலயும் அந்த இடத்துல உன் மூஞ்சி உம்முன்னுதான் இருந்துச்சு.”

“அந்தத் துண்டு எங்க சேரும்னு எனக்கே புரியலடி. அளவு சரியா வந்துச்சு, வச்சுட்டேன்.”

தேநீர் பாதி அப்படியே இருந்தது. நிஜப் பானை இருக்கும் கிடங்கின் சாவியைக் கேட்க இருவரும் மாடி ஏறினார்கள்.